சீசன் விலை: ஹோட்டல்கள் கவனிக்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வென்டிஸ் பர்கர் நிறுவனம், சுமார் 2 கோடி டாலரில் டிஜிட்டல் விலைப்பலகைகள் வைத்து நேரத்துக்கு நேரம் விலையை மாற்றிப் பார்க்கப் போவதாக 2024 பிப்ரவரியில் சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். கூட்ட நேரத்தில் விலையை ஏற்ற மாட்டோம், கூட்டமில்லாத நேரத்தில் சலுகை தருவோம் என்று அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஊட்டி, குன்னூரில் டிஜிட்டல் பலகை இல்லாமலே, ஏப்ரல், மே மாதங்களில் பழைய விலை மேல் ஸ்டிக்கர் ஒட்டிச் சில ஹோட்டல்கள் இதைத்தான் செய்கின்றன. சீசனில் செலவு கூடுவது உண்மை. தண்ணீர் லாரிக்குக் கொடுக்க வேண்டும். கூடுதலாக ஆள் எடுத்து, தங்க இடமும் தர வேண்டும். அதற்காக 60 ரூபாய் தோசை 70 ஆனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பில் மெஷினில் விலையை மாற்றிவிட்டு மேஜையில் பழைய மெனு கார்டையே விட்டுவைக்கும்போதுதான் கல்லாவில் தகராறு. சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று எழுந்து போக முடியாதே!

விலையை ஏற்றினால் கூட்டம் குறையும் என்ற கணக்கும் இங்கே பலிக்காது. பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, போட் ஹவுஸ் என்று வேன் டிரைவர் போடும் வரிசையில்தான் பயணிகள் வருகிறார்கள். எல்லாருக்கும் 1 மணிக்கு மேல்தான் பசிக்கும். 120 ரூபாய் சாப்பாட்டை அப்போது 150 ஆக்கினால் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள். மேஜை மட்டும் காலியாகாது. சீசன் விலை 150 என்றே எழுதி, "11.30 முதல் 12.30 வரை 120" என்று காலையிலேயே வாசலிலும் பார்க்கிங்கிலும் பலகை வைத்தால் டிரைவரே வண்டியை முன்கூட்டிக் கொண்டுவருவார். வசூல் கணக்கு ஒன்றுதான், ஆனால் வாடிக்கையாளர் மனதில் முன்னது அபராதம், பின்னது சலுகை. டோக்கன் வாங்கிய நேரத்து விலையே கடைசி விலையாக இருக்க வேண்டும். வரிசையில் நிற்பவர் முன்னால் விலையை மாற்றவே கூடாது.

பிஸ்கட், சாக்லேட் போன்ற பாக்கெட்டுகளைக் கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது எந்த சீசனிலும் குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

டீ, இட்லி, வடை மூன்றுக்கும் ஆண்டு முழுக்க ஒரே விலை வைப்பது நல்லது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரும் ஆட்டோ ஓட்டுபவரும் ஜூலை மழையிலும் அதே கடைக்கு வருபவர்கள். மே மாதம் டீ விலை அவர்களைத் தள்ளுவண்டிக்கு விரட்டிவிட்டால், ஜூலையில் அவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்