தூக்கிவந்தது தப்பா, படம் எடுத்தது தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அறிவியல் ஆக்கமா, அழிவா?’ என்று நான் பள்ளியில் எழுதிய அதே கட்டுரையை இன்று என் மாணவர்களும் எழுதுகிறார்கள். முன்னுரை, கத்தி காயும் நறுக்கும் ஆளையும் குத்தும் என்றொரு உவமை, முடிவுரை. பத்துக்கு எட்டு நிச்சயம். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. யோசிக்கவைக்கும் அறிவியல் கதைகள் பாடநூலில் வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

சென்ற மாதம் விடுப்பில் இருந்த ஆசிரியருக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். ‘எந்திரன்’ (2010) படத்தின் தீ விபத்துக் காட்சியைக் கதையாகச் சொன்னேன். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே இறக்கிவிடுகிறது. கேமராக்கள் அவள் பக்கம் திரும்புகின்றன. கூனிக்குறுகி ஓடியவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். “யார் மேல தப்பு?” என்றேன்.

“ரோபோ மேலதான் சார்.”

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு கதையில் ரோபோக்களுக்கு வகுத்த முதல் விதியைக் கரும்பலகையில் எழுதினேன்: ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது.

“அப்ப விதிப்படி சரிதானே சார், உயிரைக் காப்பாத்திருச்சே?” என்றான் ஒருவன்.

“மானம் போறதும் தீங்குதான்னு அதுக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நான் ஒரு வாரம் நடத்தியிருந்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

அப்போதுதான் கடைசி பெஞ்ச் மாணவி எழுந்தாள். “கேமராவத் திருப்புனவங்கள ஏன் சார் யாருமே கேக்கல?” நான் வாய் திறப்பதற்குள் அடுத்தது: “நீங்ககூட விளையாட்டு விழா போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சீங்க. எங்களக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது என்று மேல் வகுப்பில் பாடம் நடத்தியவனும் நானேதான்!

எப்போதும் சினிமாதான் வேண்டும் என்பதில்லை. பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசு அனுமதி தேவைப்படும் உலகில் தொடங்கும் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவல் நம் மொழியிலேயே இருக்கிறது. அதிலிருந்து சில பக்கங்கள் பாடநூலில் வந்தால் போதும். தமிழ் ஆசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்தே நடத்தலாம்.

பாடநூல் குழுவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பாடத்தின் அடியில் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்