மண்டபம் முகாம் பதிவேடுகளை எங்களுக்கும் காட்டுங்கள்

தாயகம் திரும்பியோர் ஆவணங்களைப் பாதுகாக்கும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்து, நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. தோட்டத்து ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கணக்கில் ஒருவர் என் அப்பா. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிறந்து, சிறுவனாக, அழுதபடி பிரிந்தவர்களை ஏற்றிவந்ததால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர்பெற்ற ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, வந்தவர்களைப் பதிந்து தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாகக் கூடலூரில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய அத்தை குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று சொல்லக்கூடிய பாட்டி இப்போது இல்லை. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஓர் ஆறு ஓடியது மட்டும் அப்பாவுக்கு ஞாபகம். மலையகத்தில் ஆறு இல்லாத தோட்டம் எது?

தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையும் மழையில் நனைந்து போய்விட்டது. சரி, முகாம் பதிவேட்டில் இருக்குமே என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். “எதுக்கும்மா, லோனுக்கா, சாதிச் சான்றிதழுக்கா?” என்றார்கள். தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அப்படியொரு காரணத்துக்கு அவர்களிடம் படிவம் இல்லை.

என் அம்மா கேரளத்து நிலம்பூர்க்காரர். அங்கே போனால் நான் ‘பாண்டி’, தமிழ்நாட்டுக்காரி. கூடலூரில் சிலோன்காரர் மகள். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, கட்டச் சம்பலும் கடலைக்கறியும் ஒரே அடுப்பில் கிடைத்தது லாபம்தான். ஆனால் அம்மா வழியில் கொள்ளுப்பாட்டிக்கு மேலேயும் பெயர் சொல்ல ஆள் இருக்கிறது. அப்பா வழி ராமேஸ்வரம் கரையோடு நின்றுவிடுகிறது.

முகாம் பதிவேடுகளையும், கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்தில் எங்கள் பெரியவர்கள் கொடுத்த குடியுரிமை விண்ணப்பங்களில் மிஞ்சியிருப்பவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். ஊருக்கெல்லாம் திறந்துவைக்க வேண்டாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உறவைக் காட்டினால், பெயரையும் வந்த வருடத்தையும் வைத்துத் தேடி, சான்றிட்ட நகல் கொடுத்தால் போதும். மனுவில் ‘குடும்ப வரலாறு’ என்பதையும் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களைப் பார்த்து, இது இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய ஒருவரின் மகள்,
கூடலூர், நீலகிரி