குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் நகர்க் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு, மழைநீர் வடிகால் தூர்வாருதல், பொங்கல் விழா எல்லாம் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரமெல்லாம் பின்பக்கச் சுவருக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் பழைய பிளேட்டிங் (உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும்) கம்பெனி நிலத்துக்கே போனது.

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபோது இந்தப் பக்கம் வீடுகள் குறைவு. இப்போது பழைய கம்பெனி நிலங்கள் ஒவ்வொன்றாக ஐடி கட்டடமாகவும் அடுக்குமாடியாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலத்தையும் குடியிருப்புக்கு மாற்றக் கேட்டிருப்பது, ஆட்சேபணை கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. கட்டடமே கூடாது என்று நாம் எழுதவில்லை. புதர் மண்டிக் கிடப்பதைவிட அங்கே குடும்பங்கள் வாழ்வது நல்லது. மண்ணைச் சோதித்துவிட்டுக் கட்டுங்கள் என்று மட்டும் எழுதினோம்.

“சாயில் டெஸ்ட் ஏற்கெனவே எடுத்தாச்சு” என்று பதில் வந்தது. அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். மண் எவ்வளவு பாரம் தாங்கும், அஸ்திவாரம் எத்தனை அடி போக வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. பிளேட்டிங் வேலையில் புழங்கும் குரோமியம், நிக்கல், சயனைடு பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டும் வேறு வேறு சோதனை என்பதைப் புரியவைக்கவே இரண்டு மாதம் அலைந்தோம்.

அப்புறம் நமக்கு உதவிய சிவில் பேராசிரியர் ஒருவர், மண் மாதிரிக்குத் துளை போடுவதற்கு முன்னால் நிலத்தின் கதையைக் கேளுங்கள் என்றார். மூன்றாவது தெருவில் இருக்கும் பெரியவர் அந்தக் கம்பெனியின் குரோம் பிரிவில் வேலை பார்த்தவர். காலண்டர் தாளின் பின்புறத்தில் நிதானமாக வரைந்து காட்டினார்: தொட்டிகள் நின்ற வரிசை, பாகங்களைக் கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்கால், கசடைக் கொட்டி மூடிய குழி. “ஆசிட்ல தரை அரிச்சுப் போயிடும் சார், வருஷா வருஷம் சிமெண்ட் பூசுவோம்” என்றார். அரித்த தரை வழியாக எல்லாம் கீழேதான் இறங்கியிருக்கும். முன்பு போட்ட துளைகளோ எல்லாம் முன்பக்கம், ரோட்டை ஒட்டி. அந்தத் தாளைப் பார்த்து மறுபடி மாதிரி எடுக்கக் கட்டுமான நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொட்டி வரிசைக்குக் கீழேயும் குழியிலும் குரோமியம் இருந்தது. பெரியவருக்கு இந்தச் சபை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும்.

குரோமியத்தில் ஒரு வகை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஆறு இணைதிறன் கொண்டது, தண்ணீரில் கரைந்து ஓடும். மூச்சில் போனால் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன் கணக்கில் இன்னும் குவிந்து கிடக்கிறது, மழை பெய்தால் மஞ்சளாக வடிகிறது. நம் நிலம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே போய்ப் பார்த்து வந்த நான்கு பேரும் மறக்க மாட்டோம்.

நம் கிணறுகளிலும் மாதிரி எடுத்தோம். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுவரை ஒட்டிய இரண்டு கிணறுகளில் தாண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுக்க வேண்டாம். காய்ச்சினால் குரோமியம் போகாது. நீர் சுண்டச் சுண்ட அளவு கூடும்.

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. மாசு இருப்பதாகச் சந்தேகிக்கும் இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும், அதன்பின் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு முடிய வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். இதைக் காட்டி மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

இனி எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற பேச்சு வரும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை வளாகத்தில் சுத்தம் செய்தபின் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மீதம் இருக்கலாம் என்றதற்குத்தான் அவ்வளவு எதிர்ப்பு. இங்கே குழந்தைகள் மண்ணில் விளையாடப் போகிறார்கள், ஆகவே குடியிருப்புக்கான அளவையே கேட்போம். கசடுக் குழியை முழுதாகத் தோண்டிக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு. மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கீழே நிலத்தடி நீர் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

அடுத்த கிணற்று மாதிரிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும், ஜனவரியில் ஒருமுறையும் எடுப்போம். கிணறோ போர்வெல்லோ வைத்திருப்பவர்கள் ஆழத்தைக் குறித்து இன்றே துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அந்தக் கம்பெனியில் ஒரு மாதம் வேலை பார்த்தவர் உங்கள் உறவில் இருந்தாலும் சரி, அழைத்து வாருங்கள். காலண்டர் தாளில் வடகிழக்கு மூலை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்