தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் மீண்டும் வேலைக்குப் போக மாலை நேரக் காப்பகமும் கணக்குப் பயிற்சியும் கேட்டு மனு

அனுப்புநர்
திருப்பூர் வடக்கு வட்டத்தில் வசிக்கும் தாய்
(பெயர், முகவரி, கைபேசி எண் இணைப்பில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 36 வயது. பி.காம். முடித்து, இங்கே ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸில் 6 வருடம் வேலை பார்த்தேன். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, 2016-ல் நின்றுகொண்டேன். கணவர் வீட்டை விட்டுப் போய் 3 வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்கு 4 வயது. என்னைப் பெற்றவர்களும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது.

இப்போது வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறேன். காலையில் மூட்டையாக டி-சர்ட் வரும். ஒவ்வொன்றாகத் திருப்பி, தையல் ஓரத்தில் தொங்கும் நூலை ட்ரிம்மரால் நறுக்கி, இரவுக்குள் மடித்துக் கட்டி வைக்க வேண்டும். பீஸ் கணக்கில்தான் கூலி. மகன் ட்ரிம்மரைப் பிடுங்க வருவான். கைக்குள் மறைத்து மறைத்துத்தான் வெட்டுகிறேன். வீடு முழுக்கப் பஞ்சுத் தூசி, ராத்திரியில் இருமுகிறான். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. பெரிய ஆதரவு அது, அப்படியே வாடகைக்குப் போகிறது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு விசாரித்தேன். பிரிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்றார்கள். சரி, விதி அப்படி. வேலை கிடைத்தால் அந்தப் பணம் இல்லாமலே சமாளித்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போனேன். சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். நான் வேலையை விட்டது வாட் வரிக் காலம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையில் குழந்தை. கற்றுக்கொள்கிறேன் என்றேன். அடுத்த கேள்வி, இரவு எட்டரை வரை இருப்பீர்களா என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரின் ஒன்றரை ஷிப்ட் தாங்கள் அறிந்ததுதான்: காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. ஒரே ஷிப்ட் என்றாலும் ஐந்தரை ஆகிவிடும். அங்கன்வாடி அதற்கு வெகு முன்பே பூட்டிவிடும்.

காலைப் பொழுது பரவாயில்லை. பள்ளியில் காலை உணவு வந்த பிறகு மகளைச் சீக்கிரமே கொண்டுபோய் விட முடிகிறது. திண்டாடுவது மாலையில்தான்.

30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017-ல் பேறுகாலப் பயன் சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்றது. சங்கத்தில் இருக்கும் ஒரு அக்கா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தெருக்களில் இருப்பவை பெரிய கம்பெனி வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும், 20, 30 பேர் உள்ள ஜாப் ஒர்க் யூனிட்கள். அவற்றை இந்தச் சட்டம் தொடவே தொடாது. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்தலாம், 6 மாதம் முதல் 6 வயது வரை பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றும் அந்த அக்காதான் சொன்னார்.

ஆகவே எங்கள் பகுதி அங்கன்வாடி ஒன்றை அப்படிக் காப்பகமாக்கி, மாலை 7 மணி வரை திறந்து வைக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விட்டு வரும் என் மகளைப் போன்ற பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும். அப்புறம், திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாக ஜி.எஸ்.டி. பில்லிங், டேலி என்ற கணக்கு மென்பொருள் பயிற்சி ஒன்றை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் 10 மணி முதல் 2 மணிக்குள் நடத்தித் தர வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது பிரசவ நேரத்தில் எனக்கு அது விட்டுப்போனது. பழைய சீனியாரிட்டியோடு மறுபடி சேர்க்க அரசுக்குப் பரிந்துரை செய்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது என்றால், காப்பகத்தை முதலில் திறந்து தாருங்கள். பில் போடுவதை ராத்திரி கண் விழித்தாவது கற்றுக்கொள்வேன்.

பட்டச் சான்றிதழ், பழைய கம்பெனி கொடுத்த அனுபவச் சான்று, குடும்ப அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: திருப்பூர்