ஐம்பது வயதுப் பெண்ணும் துப்பறியட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குற்ற நாவல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தொடர் கொலைகாரர்கள் வரும் இருண்ட கதைகளைப் பற்றி விரிவாக எழுதியவர், ரத்தமும் கொடூரமும் அதிகம் காட்டாமல், போலீஸ் அல்லாத சாதாரண ஆள் துப்பறியும் ‘கோஸி மிஸ்டரி’ வகைக்கு வந்ததும், பொழுதுபோகாத அத்தைகள் வம்பளந்தே கொலைகாரனைப் பிடிக்கும் கதைகள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. அந்த வயதும் அந்த வம்பும் இல்லாவிட்டால் இந்தக் கதைகளில் துப்பு துலங்க வழியே கிடையாது.

யோசித்துப் பாருங்கள். இந்தக் கதைகளில் துப்பறிகிறவளுக்கு ஒரு வீட்டைச் சோதனை போட அதிகாரம் இல்லை. கைரேகை எடுத்துத் தர ஆள் இல்லை. ஆனால் யார் வீட்டிலும் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச அவளால் முடியும். இன்ஸ்பெக்டரைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறவர்கள் இவளை ஒரு ஆளாகவே நினைப்பதில்லை. அதனாலேயே இவள் எதிரில் சண்டை போடுகிறார்கள், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறார்கள், படித்த கடிதத்தை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். இருபத்தைந்து வயதுக் கதாநாயகி உள்ளே நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஐம்பது வயதுக்காரி நுழைந்தால் பேச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் ஒரு மருந்தாளுநர். கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். யார் வீட்டில் தூக்க மாத்திரை கூடியிருக்கிறது, யார் அப்பாவின் இதய மருந்தைப் பாதி மட்டும் வாங்கிப் போகிறார், யார் கணவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிறார் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். அதை நான் வெளியே சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் நடுத்தர வயதுக்கு வந்த ஒரு பெண்ணிடம் மனிதர்களைப் பற்றி எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதை ஒரு நாவலாசிரியர் உணர்ந்து எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

என் தொழில் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. நம் மர்மக் கதைகள் பலவற்றில் ஒருவர் விஷம் கலந்ததை ஒரு வாய் குடிக்கிறார், அடுத்த நொடி சாய்கிறார், மாலைக்குள் ஆய்வக அறிக்கை வந்துவிடுகிறது. ஆர்சனிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வாந்தியும் பேதியுமாகத்தான் வெளிப்படும். அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் அதை வயிற்றுக் கோளாறு என்றே நினைத்தார்கள். அப்படியானால் சந்தேகம் யாருக்கு முதலில் வரும்? நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்குத்தான். ‘ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் நன்றாகத்தானே இருந்தார், வீட்டுக்கு வந்ததும் ஏன் மறுபடியும் படுத்துக்கொண்டார்?’ என்று அவள் கேட்கிற கேள்வியிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் விஷத்தைப் பற்றி எழுதியிருந்தது சரியாக இருக்கிறது என்று மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டியது. துப்பறியும் கதைகளுக்கு ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகள் வகுத்தார். யாரும் அறியாத விஷத்தைக் கதையில் கொண்டுவரக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. துப்பறிகிறவர் கண்டதை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இந்த நேர்மைதான் எனக்கு முக்கியம்.

இது நேற்று முளைத்த வகையும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் அன்னா காத்தரின் கிரீன் 1897-லேயே அமீலியா பட்டர்வொர்த் என்ற, திருமணமாகாத நடுத்தர வயதுப் பெண்ணைத் துப்பறிய வைத்தார். பக்கத்து வீட்டில் நள்ளிரவில் வண்டி வந்து நிற்பதை ஜன்னல் வழியே பார்க்கிறாள் அவள், கதை தொடங்கிவிடுகிறது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள் வந்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1927-இல், ஒரு சிறுகதையில்.

குறைகளும் இல்லாமல் இல்லை. போலீஸ்காரர்களை ஒன்றும் தெரியாதவர்களாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒரே சிற்றூரில் ஓயாமல் கொலை விழுவதையும் நம்ப முடிவதில்லை. 1984 முதல் 1996 வரை ஓடிய ‘மர்டர், ஷி ரோட்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் காபட் கோவ் என்ற ஊரின் பெயரே இந்தக் குறைக்குப் பெயராகிவிட்டது. ஆனாலும் கணவரை இழந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தியைப் பன்னிரண்டு ஆண்டுகள் நாயகியாக வைத்திருந்தார்களே, அதை நான் மதிக்கிறேன்.

சங்கர்லாலையும் கணேஷ்-வசந்தையும் விவேக்கையும் விரும்பிப் படித்து வளர்ந்தவள் நான். அவர்கள் எல்லோருக்கும் துப்பறிவது தொழில், இல்லையென்றால் தொழிலோடு ஒட்டிய வேலை. தொழிலாக இல்லாமல், மனசு கேட்காததால் விசாரிக்கக் கிளம்பும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்துத் தங்கள் வார இணைப்பில் ஒரு தொடர்கதை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விஷம் வந்தால் சரியான விஷமாக வரட்டும். முக்கியமாக, கடைசி அத்தியாயத்தில் அவளைக் காப்பாற்ற மகனோ மருமகனோ இன்ஸ்பெக்டரோ ஓடி வர வேண்டாம். எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் கொலைகாரனின் பெயரை அவள் வாயாலேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநராகப் பணிபுரியும் ஒரு வாசகி