எண்ணெய் டின்னில் ஒரு துளை

அன்புள்ள சண்முகம்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கிறேன். பேரன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவன் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார்த்தியிருக்கிறது.

போன மாதம் மாடித் தொட்டியைக் கழுவ அதன் அடியிலுள்ள குழாயைத் திறந்துவிட்டோம். 20 நிமிடத்தில் சரிபாதி வடிந்தது. இன்னும் 20 நிமிடத்தில் காலியாகிவிடும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்ப ஏறிப் பார்த்தால் உள்ளே இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது. முழுக்க வடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. "பாதிக்கு 20 நிமிஷம்னா முழுசுக்கு 40 தானே தாத்தா?" என்றான். மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறையும் என்று சொன்னேன். எவ்வளவு குறையும் என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று நீ பார். துளை வழியாக வரும் நீரின் வேகம், துளைக்கு மேலே நீர் நிற்கும் அதே உயரத்திலிருந்து நழுவவிட்ட கல் கீழே வந்து சேரும் வேகத்துக்குச் சமம் என்று இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644-இல் எழுதினார். அதாவது வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மட்டம் கால்வாசியானால் வேகம் பாதியாகும்.

படித்ததோடு விட மனசு வரவில்லை. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஒரு சென்டிமீட்டர் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்து, 32 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினேன். உள்ளே ஸ்கேலை நிறுத்தி அவன் மட்டத்தைக் கூவ, நான் போனில் நேரம் பார்த்தேன். 32-இலிருந்து 18 வர 73 விநாடி. 18-இலிருந்து 8 வர 73. 8-இலிருந்து 2 வர 74. சம நேரங்களில் மட்டம் 14, 10, 6 என்று இறங்குகிறது. இரண்டால் வகுத்தால் 7, 5, 3. விழும் கல் சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கும் என்று கலிலியோ சொன்ன அதே ஒற்றைப்படை எண்கள், பின்னாலிருந்து! டாரிசெல்லி கலிலியோவின் கடைசி மூன்று மாதங்கள் அவர் கூடவே இருந்தவர். சண்முகம், அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் டின்னின் அளவையும் துளையின் அளவையும் போட்டுப் பார்த்தால், டாரிசெல்லியின் சூத்திரத்தின்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் 45 விநாடிதான் ஆக வேண்டும். எனக்கு 73. இதுதான் என் முதல் கேள்வி. வடிவம் அச்சு அசலாகப் பொருந்துகிறது, அளவு மட்டும் தப்புகிறது. இப்படிப்பட்ட கணித மாதிரியைச் சரி என்பதா, தவறு என்பதா?

குனிந்து பார்த்தால் தாரை துளையைவிட மெலிந்துதான் வருகிறது. பக்கவாட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் துளையின் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் உள்நோக்கிக் குவிகிறது. நியூட்டனே 1687-இல் இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டு, 1713-இல் இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தாராம். எனக்கு வரும் விகிதம் 45 வகுத்தல் 73, ஏறக்குறைய 0.616. நீளமான கீறல் வழியாக வரும் நீருக்குக் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்ஹோஃப் 1869-இல் கண்ட விடை, π-ஐ (பை, 3.14) π கூட்டல் இரண்டால் வகுத்தால் வருவது. அதுவும் ஏறக்குறைய அதேதான், 0.611! என் துளையோ வட்டம். கீறலும் வட்டமும் ஏன் இவ்வளவு பக்கத்தில் வருகின்றன? இதை நீதான் சொல்லித்தர வேண்டும்.

கடைசி 2 சென்டிமீட்டருக்கு எந்தக் கணக்கும் நிற்கவில்லை. சுழி விழுந்து காற்று உள்ளே போய்விடுகிறது.

இன்னொன்று. நம் நாழிகை வட்டில் ஞாபகம் இருக்கிறதா? அடியில் சிறு துளை உள்ள கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, 24 நிமிடம். வடியும் பாத்திரத்தை வைத்து நேரம் பார்த்தால் ஓட்டம் போகப் போகத் தளரும். மிதக்கும் கிண்ணத்தில் அப்படி இல்லை என்று நினைக்கிறேன். பக்கம் நேராக உள்ள மெல்லிய கிண்ணம் என்றால், வெளி மட்டத்துக்கும் உள் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கிண்ணத்தின் எடையைத் தாங்குகிறது. எடை மாறாது, அதனால் வித்தியாசமும் மாறாது, நீர் ஒரே சீராக உள்ளே வரும். இதில் ஓட்டை எதுவும் இருந்தால் சொல். உருண்டைக் கிண்ணத்துக்கு என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தாளையும் இதனுடன் வைத்திருக்கிறேன்.

துளையின் விளிம்பைக் கூம்பாக வளைத்து வழுவழுப்பாக்கினால் 73 விநாடி 45-ஐ நோக்கி இறங்க வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வேறொரு டின்னில் செய்யப்போகிறோம். எண்களை எழுதுகிறேன். அதற்குள் உன் பதில் வந்தால் பேரனுக்கும் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
முத்தையா