ஜூலை குளிருக்கு அபீலியன் காரணம் இல்லைங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஜூலை வந்தாலே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அந்த அபீலியன் (பூமி சூரியன விட்டு ரொம்ப தள்ளி இருக்கிற நிலை) மெசேஜ் வந்துடுது, சூரியன் 9 கோடி கி.மீ.ல இருந்து 15.2 கோடிக்கு தள்ளிப் போகுதாம், ஆகஸ்ட் வரைக்கும் குளிருமாம், சளி இருமல் வருமாம். அந்த 15.2 கோடி கரெக்ட்தான், 9 கோடிதான் டுபாக்கூர்! ஜனவரில நாம கிட்ட இருக்கும்போதே தூரம் 14.7 கோடி கி.மீ., வித்தியாசம் வெறும் 3 சதவீதம் சொச்சம். கிட்ட இருந்தாதான் வெயில்னா அக்னி நட்சத்திரம் பொங்கலுக்குல்ல வரணும்? சீசன் மாறுறதுக்கு காரணம் பூமியோட அச்சு 23.5 டிகிரி சாஞ்சிருக்கிறதுதான். வருஷத்த மட்டும் மாத்தி அதே மெசேஜ அனுப்புறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது. ஜூன் கடைசில நம்ம பேப்பர்ல ஒரு பாக்ஸ் நியூஸ் போட்டீங்கன்னா போட்டோ எடுத்து குரூப்ல போட வசதியா இருக்கும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி